வெறுங்காலைத் தாங்காத தரை

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் தயங்கினேன். கோயில் விஷயத்தையும் கம்ப்யூட்டர் விளையாட்டையும் சேர்த்து எழுதினால் முருகன் கோபித்துக்கொள்வானோ என்று ஒரு பயம். எட்டாவதோடு நின்றவன் எழுத்தை யார் படிப்பார்கள் என்று இன்னொரு பயம். ஆனால் தாராவியில் எங்கள் சொந்தக்காரர்கள் நடுவே இந்தக் கதை கைகால் முளைத்துத் திரிய ஆரம்பித்துவிட்டது. அதனால் போன கிருத்திகை அன்று விளக்கேற்றி, சாமியிடம் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். உட்கார்ந்ததும் முதலில் கண்ணில் வந்தது ஒரு டீ கிளாஸ்தான். ஒரு வாய்கூடக் குடிக்காமல், மேலே ஏடு படிந்து ஆறிப்போன டீ.

குர்லாவில் ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாவது மாடியில், வீடியோ விளையாட்டு தயாரிக்கும் சின்னக் கம்பெனியில் நான் டீ போட்டுக் கொடுக்கும் வேலையில் இருந்தேன். நாலு பேர் நாலு திரையில் உட்கார்ந்து, ஒரே காட்டுக்குள் ஒன்றாகப் போய், மந்திரவாதிகளை வெட்டி, கடைசியில் மலைக்கோயிலுக்குள் இருக்கும் அசுரனை முடிக்க வேண்டும். அதுதான் அப்போது அங்கே தயாரான விளையாட்டு. அது நன்றாக இருக்கிறதா இல்லையா என்று தீர்ப்புச் சொல்கிற வேலை மேடத்துடையது. மாட்டுங்காவில் மூன்று தலைமுறையாக இருக்கும் குடும்பம். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர். அவர் கையெழுத்துப் போடாமல் எதுவும் வெளியே போகாது. மற்றவர்கள் திரையைப் பார்ப்பார்கள், மேடம் என் தட்டைப் பார்ப்பார். "இன்னிக்கு எத்தனை டீ ஆறித்து அண்ணா?" என்பதுதான் தினமும் என்னிடம் கேட்கிற கேள்வி. விளையாடுகிறவர்களிடம் கேட்டால் நன்றாக இருக்கிறது என்று மரியாதைக்குச் சொல்லிவிடுவார்களாம், டீக்கு மரியாதை தெரியாதாம். "ஆட்டம் நன்னா இருந்தா கையில இருக்கற டீ மறந்துபோகும். கிளாஸ் காலியா திரும்பி வந்தா, ஆட்டத்துல ஏதோ ஓட்டைன்னு அர்த்தம்" என்பார்.

அந்த விளையாட்டில் காட்டுக்குள் இருக்கும்வரை டீ ஆறிக்கொண்டுதான் இருந்தது. கோயில் வாசலுக்கு வந்ததும் எல்லாக் கிளாஸும் காலியாகிவிடும். சிலர் பிஸ்கட்டும் கேட்பார்கள். அங்கே ஏதோ சரியில்லை என்று மேடத்துக்குத் தெரிந்தது. என்னவென்று பிடி கிடைக்கவில்லை. முதலாளி தீபாவளிக்கு முன்னால் வெளியிட்டே ஆக வேண்டும் என்று நின்றார். டீ ஆறவில்லை என்பதையெல்லாம் காரணமாக ஏற்க முடியாது, சாயங்காலம் ஐந்து மணிக்குள் குறையைக் கண்ணில் காட்டு, இல்லையென்றால் கையெழுத்துப் போடு, இரண்டும் முடியாதென்றால் மேஜையைக் காலி செய் என்று ஹிந்தியில் சொல்லிவிட்டுப் போனார். மேடம் கையெழுத்துப் போடும் பேனாவை எடுத்து டிராயருக்குள் வைத்துப் பூட்டினார்.

அன்றைக்குப் பார்த்து, விளையாடிச் சோதிக்கிற நாலு பேரில் ஒருவர் கல்யாணத்துக்கு ஊருக்குப் போய்விட்டார். நாலு பேர் இல்லாமல் ஆட்டம் கிளம்பாது. "அண்ணா, நீங்க வந்து ஒக்காருங்கோ" என்றார் மேடம். எனக்கு வந்தது வில் பிடித்த ஒரு வெள்ளைமுடிப் பெண். முதல் பத்து நிமிஷம் அவளை ஒரே மரத்தில் மோதவிட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்துத் திரையில் கடையநல்லூர்க்காரத் தம்பி. தாடி வைத்திருப்பார். தமிழ் பேசத் தெரியும், எழுதப் படிக்கத் தெரியாது. "அண்ணாச்சி, மரம் ஒண்ணும் செய்யலியே, அதை ஏன் போட்டு முட்டுதிய?" என்று கேட்டார். ஒரு வழியாக என்னை இழுத்துக்கொண்டு மலை ஏறினார்கள்.

கோயில் வாசல். மணி அடிக்கிறது. மூன்று பேரும் பூட்ஸ் காலோடு உள்ளே ஓடினார்கள். நான் நின்றுவிட்டேன்.

"என்னாச்சு அண்ணாச்சி, வாங்க."

"தம்பி, இந்தப் பொண்ணு செருப்பை எப்படிக் கழத்துறது?"

"எதுக்கு?"

"கோயிலுக்குள்ள செருப்புக்காலோடயா போவாங்க?"

"உள்ள இருக்கது அசுரன் அண்ணாச்சி."

"அவன் நேத்து வந்திருப்பான். கோயில் அதுக்கு முன்னாலயே கெடக்குலா."

யாரும் சிரிக்கவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் மேடம் சிரிக்காமல் எழுந்து வந்து, எந்தப் பட்டனை அழுத்த வேண்டும் என்று காட்டினார். பூட்ஸைக் கழற்றி வாசல் ஓரமாக வைத்துவிட்டு, முருகா என்று ஒரு அடி எடுத்து வைத்தேன். அவ்வளவுதான், தரையைக் காணோம். என் பெண் கோயிலுக்குள் மூழ்கி, மலைக்குள் மூழ்கி, நீலமாக ஏதோ ஒன்றுக்குள் விழுந்துகொண்டே இருந்தாள். மேலே மணி அடித்துக்கொண்டே இருந்தது. நான் விழுந்து முடியாததால் மற்ற மூன்று பேரும் திரையில் நின்ற இடத்திலேயே சிலையாகிவிட்டார்கள். ஏதோ தெய்வக் குற்றம் செய்துவிட்டோம் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன். மேடம் மெதுவாகச் சொன்னார்: "தரை பூட்ஸைத்தான் தாங்கறது அண்ணா. காலைத் தாங்கலை. இதைக் கட்டினவா யாரும் வெறுங்காலோட யாராவது வருவான்னு நினைக்கவே இல்லை."

திரும்ப முதலிலிருந்து விளையாடிப் பார்த்தோம். அப்போதும் விழுந்தேன். மூன்றாம் தரம் விழுவதற்கு முன் வாசலைத் திரும்பிப் பார்த்தால் என் பூட்ஸைக் காணோம். தாடித் தம்பி அதை எடுத்து மாட்டிக்கொண்டு நின்றார். "இது மட்டும் அசல் கோயில் மாதிரியே இருக்கு அண்ணாச்சி, மார்க் போடுங்க" என்றார்.

ஐந்து மணிக்கு முதலாளி வந்தார். மேடம் அவரை உட்கார வைத்து வாசல் வரை கொண்டுபோனார். பூட்ஸைக் கழற்றச் சொன்னதும் அவருக்கு எரிச்சல், விளையாட்டில் யார் இதையெல்லாம் செய்வார்கள் என்று. மேடம் அவர் காலைப் பார்த்தார். ஆபீஸ் வாசலில் கணபதி படம் இருந்தது. அதற்கு ஊதுவத்தி காட்டுவதற்காகத் தினமும் வந்ததும் கழற்றுவதுபோல அன்றைக்கும் அவர் ஷூவைக் கழற்றியிருந்தார். அது படத்துக்குக் கீழே கிடந்தது. முதலாளியும் பார்த்தார். பிறகு பட்டனை அழுத்தினார், விழுந்தார். விழுந்து முடிய எவ்வளவு நேரம் ஆகும் என்று மட்டும் கேட்டார்.

தீபாவளி போனது. மேடத்தின் மேஜை போகவில்லை. தரையைச் சரி செய்தார்கள். சரி செய்யும்போது, தரை மட்டும் போதாது, கோயில் கோயிலாக இருந்தால்தான் டீ ஆறும் என்று மேடம் இன்னொன்றும் செய்ய வைத்தார். வாசலில் காலணி கழற்றினால்தான் கதவு திறக்கும். கழற்றியதைக் காவல் இல்லாமல் விட்டால் மந்திரவாதிகள் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். நாலு பேரில் யார் வெளியே காவல் நிற்பது என்பதில் நடந்த சண்டை இருக்கிறதே, அசுரனோடுகூட அப்படி ஒரு சண்டை நடக்கவில்லை. புது வாசலைச் சோதித்த அன்றைக்கு விளையாடியவர்கள், வேடிக்கை பார்த்தவர்கள் என்று ஒன்பது பேருக்கு டீ கொடுத்தேன். தட்டைத் திரும்ப எடுத்தபோது ஒன்பதும் நிறைந்திருந்தன. சிந்தாமல் கொண்டுபோய் வைத்தேன். மேடம் ஒவ்வொரு கிளாஸையும் புறங்கையால் தொட்டுப் பார்த்தார். டிராயரைத் திறந்து பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். பிறகு ஒரு கிளாஸை எடுத்து, ஏட்டை விரலால் ஒதுக்கி, முழுவதும் குடித்தார். "கண்றாவியா இருக்கு அண்ணா" என்றார். அவ்வளவு சந்தோஷமாக அந்த வார்த்தையை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

இப்போது மேடம் பெங்களூரில் வேறு கம்பெனியில் இருக்கிறார். நான் வேலையை விட்டுவிட்டேன். என் மகள் சாயங்காலம் ஆபீஸிலிருந்து வந்து சிநேகிதிகளோடு போனில் அதே விளையாட்டை விளையாடுகிறாள். நேற்று கோயில் வாசலில் நின்றுகொண்டு, "ஏட்டி, போன தடவையும் நான்தானே செருப்புக்குக் காவல் நின்னேன்" என்று கத்தினாள். பக்கத்தில் அவள் டீ ஏடு படிந்து கிடந்தது. என் வீட்டுக்காரி சத்தம் போட வாயெடுத்தாள். நான் கையைக் காட்டி நிறுத்திவிட்டு, முருகனை நினைத்துக்கொண்டு அந்த டீயைக் குடித்தேன். கண்றாவியாகத்தான் இருந்தது.

படிக்கிறவர்கள் இதை நாலு பேரிடம் சொல்லுங்கள், ஆனால் இருக்கிறபடியே சொல்லுங்கள். எங்கள் சொந்தத்தில் நான் அசுரனைக் கொன்றதாகவும், திரையில் முருகன் வந்ததாகவும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். முருகன் வரவில்லை. அசுரனை நான் கண்ணால்கூடப் பார்க்கவில்லை. செருப்பைக் கழற்றினேன், மூன்று தரம் விழுந்தேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை சேர்க்க வேண்டாம்.