தானாக ஒதுங்கிய வெங்காயம்

நல்ல பிட்சா எங்கே கிடைக்கும் என்று யாராவது கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பெங்களூரில் தெருவுக்கு நாலு கடை இருக்கிறது. ஏதாவது ஒன்றில் தின்றுவிட்டுப் போக வேண்டியதுதானே? எனக்கு இந்த எரிச்சல் ஒன்பது வயதில் தொடங்கியது. தொடங்கி வைத்தவள் என் அத்தை.

அத்தை அப்பாவின் தங்கை. திருவண்ணாமலையிலிருந்து வந்து மல்லேஸ்வரத்தில் எங்கள் வீட்டில் தங்கி, எலக்ட்ரானிக் சிட்டிக்குத் தினமும் கம்பெனி பஸ்ஸில் போய்வந்துகொண்டிருந்தாள். மகா சுத்தக்காரி. அவள் டம்ளரில் நான் ஒரு வாய் குடித்துவிட்டால் போதும், எச்சில் பண்ணிவிட்டேன் என்று அதைப் புளி போட்டுத் தேய்ப்பாள். அப்பாவோ கணக்கு வாத்தியார், வீட்டிலும் வாத்தியார். அத்தை வாசல்படி தாண்டினால் எங்கே, யாரோடு, எப்போது திரும்புவாய் என்று மூன்று கேள்வி கேட்பார். மூன்றுக்கும் சேர்த்து அத்தை கண்டுபிடித்த ஒரே விடை நான்.

"பாப்பாவுக்கு பிட்சா வாங்கித் தரேன்ணா" என்று சனிக்கிழமை சாயங்காலம் என் கையைப் பிடித்துக்கொண்டு கிளம்பிவிடுவாள். சீஸ் என்றால் எனக்கு உயிர். வெறும் சீஸ் காகிதத்தை நக்கச் சொன்னாலும் நக்குவேன். என்னை விலைக்கு வாங்க அதுவே போதும் என்று அத்தைக்கு நன்றாகத் தெரியும்.

முதல் சனிக்கிழமை போனது பக்கத்து பேக்கரிக்கு. பன்னைக் குறுக்கே அறுத்து, கேரட்டும் முட்டைக்கோஸும் தூவி, மேலே இனிப்பான தக்காளி சாஸை ஊற்றி, அதற்கு பிட்சா என்று பெயர் வைத்திருந்தார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அங்கே கண்ணாடி போட்ட ஒருவர் வந்து எங்கள் மேசையில் உட்கார்ந்தார். அத்தையின் ஆபீஸில் வேலை பார்ப்பவராம், ஹெப்பகோடியில் ரூமாம். அவரும் நல்ல பிட்சாதான் தேடுகிறாராம். அடுத்த சனிக்கிழமை வேறு கடைக்குப் போனோம். அங்கேயும் அவரே இருந்தார். இவ்வளவு பெரிய ஊரில் எப்படித்தான் சரியாக நம் கடைக்கே வருகிறார் என்று நான் வாயைப் பிளந்தேன்.

அந்த அங்கிளுக்கு வெங்காயம் ஆகாது. ஒவ்வொரு துணுக்கையும் விரலால் பொறுக்கித் தட்டின் ஓரத்தில் குவிப்பார். சீஸும் சேர்ந்து இழுபடும், அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு வயிறெரியும். அந்தக் குவியலை அத்தை எடுத்து எடுத்துத் தின்பாள். என் டம்ளரைப் புளி போட்டுத் தேய்க்கிற அதே அத்தை!

"அங்கிள் வந்தார்னு உங்கப்பாகிட்ட மூச்சு விட்டே, அவ்ளோதான்" என்று முதல் நாளே என் தலையில் அடித்துச் சத்தியம் வாங்கியிருந்தாள். "வேலையை விட வெச்சு என்னை ஊருக்கு அனுப்பிடுவாரு. அப்புறம் உனக்கு பிட்சாவும் கிடையாது, ஒண்ணும் கிடையாது." அது சும்மா மிரட்டல் இல்லை. கூட வேலை பார்த்தவனோடு சினிமாவுக்குப் போனதற்காகப் பெரியப்பா மகளை மூட்டை கட்ட வைத்து பஸ் ஏற்றிவிட்டு வந்தவரே அப்பாதான். அந்த அக்கா அழுத அழுகையை நான் பார்த்திருக்கிறேன். ஆகவே வாயைத் தைத்துக்கொண்டேன்.

ஐந்தாவதோ ஆறாவதோ கடை அடுகோடியில், மெக்கானிக் ஷெட்டுகளுக்கு நடுவே ஒரு சந்தில் இருந்தது. மொத்தமே ஆறு நாற்காலிகள். "ஏன் பேக்கு, புட்டி?" என்று, என்ன வேண்டும் பாப்பா என்பதைக் கடைக்காரம்மா கன்னடத்தில் என்னிடமே கேட்டு, எனக்கென்று கூடுதலாக ஒரு கை சீஸ் அள்ளிப் போட்டார். ஓரம் லேசாகக் கருகி, நடுவில் சீஸ் கொப்புளம் கொப்புளமாக எழும்பி, கடித்து இழுத்தால் கை நீளத்துக்கு வந்தது. சொர்க்கம்! இரண்டு துண்டுதான் தின்றிருப்பேன். அத்தை திடீரென்று முக்காடு போட்டுக்கொண்டு எழுந்தாள். அப்பா பள்ளிக்கூடத்து டிரில் மாஸ்டர் எதிரே வாழைப்பழம் வாங்கிக்கொண்டிருந்தார். மீதித் துண்டுகளையும் அங்கிளையும் மேசையிலேயே விட்டுவிட்டு என்னைப் பின்வாசல் வழியாக இழுத்துக்கொண்டு ஓடினாள். அந்தக் கடைக்கு அதற்கப்புறம் போகவே இல்லை. கேட்டால், "அதெல்லாம் ஒரு பிட்சாவாடி? இதைவிட நல்லதா ஒண்ணு கண்டுபிடிக்கலாம்" என்பாள். நாக்கில் நரம்பில்லாமல் பேசினாள்.

என் ஆற்றாமையை நான் யாரிடம் சொல்லி அழுவது? அப்பாவிடம்தான். பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தார். அதிசயமாக அன்றைக்கு நிதானமாகக் காது கொடுத்தார்.

"ஒரு பிட்சாவுல எத்தனை துண்டு?"

"எட்டுப்பா."

"நீ எத்தனை சாப்பிட்டே?"

"ரெண்டுதான். அத்தை ஒண்ணு."

"மீதி அஞ்சு?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "கீழ விழுந்துடுச்சுப்பா."

"அஞ்சுமா?"

"ஆமாப்பா."

"எல்லா வாரமும் விழுதா?"

பேச்சை மாற்ற வேண்டும் என்று தோன்றியது. "அத்தை பிட்சாவே சரியா சாப்பிடறதில்லப்பா. ஓரத்துல பொறுக்கி வெச்ச எச்சில் வெங்காயத்தை மட்டும் எடுத்து எடுத்துத் திங்கறா. உவ்வே!"

அப்பாவின் சிவப்புப் பேனா நின்றது. "எச்சிலையா? நம்ம வீட்டு அத்தையா? யாரு பொறுக்கி வெச்சது?"

சத்தியம் ஞாபகம் வந்தது. "யாரும் வெக்கலப்பா. அதுவா தானா ஒதுங்கிக்கும்."

"ஓ" என்றார் அப்பா. பேனாவை மூடி வைத்தார். எப்படிச் சமாளித்தேன் பார் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

இரண்டு மாதம் கழித்து ஓசூர்த் தரகர் மூலமாக ஒரு ஜாதகம் வந்தது, பையனுக்கும் எலக்ட்ரானிக் சிட்டியில்தான் வேலையாம். அந்தத் தரகரைப் பிடித்து, ஒன்றும் தெரியாததுபோல் ஜாதகத்தை வீட்டுக்கு வரவைத்ததே அத்தைதான் என்பது எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் தெரியவந்தது. ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வந்தார்கள். தன் அப்பா அம்மா நடுவில், புதுச் சட்டையில், நம் பிட்சா அங்கிள்! கத்தத் திறந்த வாயை அத்தையின் முறைப்பைப் பார்த்து மூடிக்கொண்டேன். முன்பின் பார்த்தே இராதவள் மாதிரி அவரை ஏற இறங்கப் பார்த்து, "உங்க பேர் என்ன அங்கிள்?" என்று வேறு கேட்டேன். அவருக்கு வியர்த்துவிட்டது.

பஜ்ஜி வந்தது. எங்கள் வீட்டில் பஜ்ஜி என்றால் வெங்காய பஜ்ஜிதான். அப்பாவின் பலவீனம் அது. விருந்தாளி வருவதே அதற்கொரு சாக்கு என்று அம்மா திட்டுவாள். அன்றைக்குத் தட்டில் இருந்ததெல்லாம் வாழைக்காயும் உருளைக்கிழங்கும்.

அங்கிள் ஒரு பஜ்ஜியை எடுத்து, ஓரத்தைக் கிள்ளி, பயந்து பயந்து உள்ளே பார்த்தார்.

"தைரியமா சாப்பிடுங்க தம்பி" என்றார் அப்பா. "எதுலயும் வெங்காயம் இல்ல. காலையிலயே வேண்டாம்னு சொல்லிட்டேன்."

அங்கிளுக்குப் புரையேறியது. காபித் தட்டோடு வந்த அத்தை வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். அப்பாவை நிமிர்ந்து பார்த்தாள், கண்ணில் பொலபொலவென்று தண்ணீர் கொட்டியது. "என்னம்மா நிக்கிறே, காபி ஆறுது, தம்பிக்குக் குடு" என்று அப்பா சாதாரணமாகச் சொன்னார்.

எனக்கோ ஆத்திரம் தாங்கவில்லை. ஒரு நல்ல பிட்சா கடையைக் காட்டி ஏமாற்றியது போதாதென்று, வீட்டு பஜ்ஜியிலும் கைவைத்துவிட்டார்களே! "வெங்காய பஜ்ஜி எங்கப்பா?" என்று காலை உதைத்தேன்.

அப்பா என்னைப் பார்த்துச் சிரித்தார். "அது தானா ஒதுங்கிக்கிச்சு பாப்பா."

இதில் சிரிக்க என்ன இருக்கிறது, அத்தை எதற்கு அழுகிறாள் என்று எனக்கு ஒரு இழவும் புரியவில்லை. வேண்டாவெறுப்பாக வாழைக்காய் பஜ்ஜியைத் தின்றேன். எது எப்படிப் போனாலும், அத்தைக்குக் கொடுத்த சத்தியத்தைக் கடைசிவரை காப்பாற்றிவிட்டேன் என்று மட்டும் பெருமையாக இருந்தது.