அய்யம்மாள் இடுப்பில் இருந்தவள்

தேவதானத்துத் தங்கச்சாமி எனக்குச் சின்னம்மா மகன். ராஜபாளையத்தில் நூல் மில்லில் வேலை. அவனுடைய மூத்த தாரம் சுடலையம்மாள், வாய்க்குச் சுடலி. மஞ்சள் காமாலை கண்டு எண்பத்து நாலாம் வருசம் போய்ச் சேர்ந்தாள். ஒரே பிள்ளை வனப்பேச்சி, அப்போது நாலு வயது. மறு வருசமே சேத்தூரிலிருந்து அய்யம்மாளைக் கட்டி வைத்தார்கள். அவள் என் மாமனாருக்குத் தங்கை பேத்தி. அதனால் இரண்டு பக்கத்துப் பேச்சும் என் காதுக்கு வந்துவிடும்.

எங்கள் ஆட்களில் தாலியோடு செத்தவள் வீட்டுச்சாமி. அவளுடைய கூறைச்சேலையை ஓலைப்பெட்டியில் மடித்து வைத்து, மாசி மாதம் படைப்புப் போடும் அன்று எடுப்பார்கள். இரண்டாவதாக வந்தவள் அதை உடுத்திக்கொண்டு, படையல் சோற்றை எடுத்து மூத்தாள் பெற்ற பிள்ளைக்கு ஊட்ட வேண்டும். மூத்தாளுக்கு மனம் ஒப்பினால் இளையவளை இருக்க விடுவாள் என்பது நம்பிக்கை.

அய்யம்மாள் எண்பத்தாறு மாசியில் அந்தச் சேலையை உடுத்தினாள். பங்குனி வெயில் ஏறும்போது, பாவாடை நாடா இறுக்குகிற இடத்தில் அரிப்பு எடுத்தது. முதலில் காலணா அளவுக்குச் சிவப்பு. பிறகு வளையமாக விரிந்தது. ஓரம் தடித்துப் பொரிப்பொரியாக இருக்கும், நடுவில் தோல் தெளிந்து கிடக்கும். ஒன்றுக்குப் பக்கத்தில் இன்னொன்று என்று இடுப்பைச் சுற்றி வந்தது. மாமியார் மாரியாத்தாள் பார்த்துவிட்டு, சுடலி விரல் விரலாகப் பிடித்திருக்கிறாள் என்று சொல்லிவிட்டாள். கோடாங்கியிடம் கயிறு மந்திரித்து வாங்கி இடுப்பில் கட்டினார்கள். அந்தக் கயிறு வேர்வையில் நனைந்து நனைந்து கிடந்ததில், அதன் அடியிலேயே வளையம் செழித்தது.

தங்கச்சாமி மருந்துக் கடையில் சொல்லி ஒரு டியூப் வாங்கி வந்தான். தடவினால் அரிப்பு அடங்கும், சிவப்பு மங்கும். நிறுத்தினால் முன்னைவிட அகலமாகக் கிளம்பும். சுடலி ஒளிந்து விளையாடுகிறாள் என்று தெருவில் பேச்சு. கிணற்றடியில் பெண்கள் அய்யம்மாளுக்கு இடம் விட்டு ஒதுங்கினார்கள். அவளுக்கே பயம் வந்துவிட்டது. அடுப்படியில் தனியாக நிற்கையில் பின்னாலிருந்து யாரோ இடுப்பைத் தொடுவது போல இருக்கிறது என்று என்னிடம் சொல்லியிருக்கிறாள். திரும்பிப் பார்த்தால் யாரும் இருக்க மாட்டார்கள்.

ஆடி மாதம் மாரியாத்தாள் முடிவாகச் சொன்னாள்.

"ஏட்டி, வார மாசிக்குள்ள அவ உன்னைய விடணும். விடலன்னா சேத்தூருக்குப் போயிரு. உன் மேல எனக்கு ஒண்ணும் கோவம் இல்ல. செத்தவளோட மல்லுக்கட்ட நம்மளால ஆகாது."

போவதற்கு அய்யம்மாளுக்கு மனம் இல்லை. புருசனைவிட அந்தப் பிள்ளைதான் காரணம். வனப்பேச்சி அவளைச் சித்தி என்றுதான் கூப்பிடும். ஆனால் படுத்தால் அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு, வயிற்றோரம் தலையை வைத்துத்தான் தூங்கும்.

ஆம்பளை டாக்டரிடம் இடுப்பைக் காட்ட அவள் சம்மதிக்கவில்லை. கடைசியில் ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் கோதைநாயகி என்று ஒரு டாக்டரம்மா வீட்டிலேயே பார்க்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, மாமியாரும் மருமகளும் பஸ் ஏறினார்கள். விட்டுவர முடியாமல் பிள்ளையையும் தூக்கிக்கொண்டார்கள்.

டாக்டரம்மா முதலில் கயிற்றை அறுத்துப் போட்டார்கள். மாரியாத்தாள் முகம் செத்துப்போனது. பிறகு டியூபை வாங்கிப் பார்த்து, இது அரிப்பை மட்டும் அடக்கிவிட்டு உள்ளே இருக்கிறதுக்குச் சோறு போட்டிருக்கிறது என்றார்கள். வளையத்து ஓரத்தில் மழுங்கல் கத்தியால் செதிலைச் சுரண்டிக் கண்ணாடித் துண்டில் வைத்து, ஒரு சொட்டு மருந்து விட்டு, செத்த நேரம் கழித்துப் பூதக்கண்ணாடிப் பெட்டியில் குனிந்து பார்த்தார்கள். மாரியாத்தாளையும் பார்க்கச் சொன்னார்கள்.

"முடி கெடக்கு," என்றாள் மாரியாத்தாள்.

"முடி இல்லம்மா. பூசணம். ஊறுகாய்ல பூக்குதே, அந்த ஜாதி. கிளை விட்டுக் கிளை விட்டு நூல் மாதிரி ஓடும். இதுக்குப் பேரு படர்தாமரை."

யார் பக்கத்தில் படுப்பது என்று டாக்டரம்மா கேட்டார்கள். அய்யம்மாள் பிள்ளையைக் காட்டினாள். வனப்பேச்சி தலையில் உச்சிக்குப் பக்கத்தில் சொட்டையாக ஒரு வட்டம், முடி அடியோடு முறிந்து கரும்புள்ளியாகத் தெரியும், மேலே தவிடு போலச் செதில். புழுவெட்டு என்று வீட்டில் வெங்காயம் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். டாக்டரம்மா அதிலும் சுரண்டிப் பார்த்தார்கள். அதே நூல்.

"பிள்ளை தலையிலேருந்துதான் உனக்கு ஒட்டியிருக்கு. பிள்ளைக்கு யாருகிட்டேருந்து வந்துச்சோ. பெத்த தாய்க்கு இப்படி இருந்துச்சா?"

மாரியாத்தாள் குனிந்து பிள்ளையின் சொட்டையைப் பார்த்தாள். பிறகு சொன்னாள். "அவளும் இடுப்பச் சொறிஞ்சிக்கிட்டேதான் கெடப்பா."

"அப்ப அவங்ககிட்டேருந்து வந்ததா இருக்கலாம்."

"அதத்தான தாயி நான் இம்புட்டு நாளா சொல்லுதேன்," என்றாள் மாரியாத்தாள்.

டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு வந்தும் சிரிக்கவில்லையாம். யாரிடமிருந்து வந்தாலும் போக வழி இருக்கிறது என்று சொல்லி, இடுப்புக்குக் களிம்பு கொடுத்தார்கள். வளையத்துக்கு வெளியேயும் சேர்த்துத் தடவணும், மறைந்த பிறகும் கொஞ்ச நாள் விடாமல் தடவணும். பிள்ளைக்கு அது போதாது, முடிக்காலுக்குள் களிம்பு எட்டாது. அதற்கு மாத்திரை, சாப்பிட்டவுடன் பாலோடு, மாதக் கணக்கில். சீப்பும் துண்டும் தலையணையும் ஆளுக்கு வேறு. துணியெல்லாம் வெந்நீரில் ஊற வைத்து வெயிலில் காயப்போடணும். குணமாகும்வரை பிள்ளை தனியாகப் படுக்கணும்.

கூறைச்சேலையை வெந்நீரில் போட மாரியாத்தாள் ஒப்பவில்லை. சாமியைக் கொதிக்க வைப்பேனா என்றாள். வெயிலில் போடுவதற்கு மட்டும் இறங்கி வந்தாள். மொட்டைப் பாறையில் விரித்து, திருப்பித் திருப்பிக் காயவிட்டு, பக்கத்திலேயே குடை பிடித்து உட்கார்ந்திருந்தாள்.

பிள்ளையைப் பிரித்ததுதான் பெரும்பாடு. மாரியாத்தாள் பக்கத்தில் தனிப்பாயில் போட்டார்கள். அழுது பார்த்தது. பிறகு அழுவதை விட்டுவிட்டது. ஐப்பசியில் சொட்டையில் முடி முளைத்தது. கார்த்திகையில் டாக்டரம்மா மறுபடி சுரண்டிப் பார்த்து ஒன்றும் இல்லை என்றார்கள். இனிச் சேர்ந்து படுக்கலாம் என்றதும் அய்யம்மாள் பாயை அகலமாக விரித்தாள். வனப்பேச்சி வரவில்லை. தனியாகப் படுத்துப் பழகிவிட்டது.

மாசிப் படைப்பன்று காலையில் மாரியாத்தாள் மருமகளை உள்வீட்டுக்குக் கூட்டிப் போய், சேலையை விலக்கி இடுப்பைப் பார்த்தாள். வளையம் இருந்த இடத்தில் தோல் கறுத்திருந்தது. விரலால் தடவிப் பார்த்தாள்.

"தடம் இருக்கேட்டி."

"தடந்தான் இருக்கு அத்த. ஆள் இல்ல."

மாரியாத்தாள் திரும்பவும் தடவினாள். தடிப்பு இல்லை, பொரி இல்லை. எழுந்து போய் ஓலைப்பெட்டியைத் திறந்து சேலையை எடுத்துக் கொடுத்தாள்.

அய்யம்மாள் அதை உடுத்திக்கொண்டு படையலுக்கு முன்னால் வந்து நின்றாள். வனப்பேச்சி வாசலில் விளையாடிவிட்டு உள்ளே வந்தது. சேலையைப் பார்த்தது. ஓடிவந்து இடுப்பைக் கட்டிக்கொண்டு, கொசுவத்துக்குள் முகத்தைப் புதைத்து, "அம்மா" என்றது.

அய்யம்மாள் கையில் சோற்றுருண்டையோடு அப்படியே நின்றாள். மறுநாள் பிள்ளை வழக்கம்போலச் சித்தி என்றுதான் கூப்பிட்டது.

அதிலிருந்து வருசத்துக்கு ஒரு நாள், அந்தச் சேலைக்குள் நிற்கையில் மட்டும், அவளுக்கு அந்தச் சொல் கிடைத்தது. பிள்ளை வளர்ந்து மில்லுக்குப் போகத் தொடங்கிய பிறகும் அப்படித்தான். மற்ற வீடுகளில் இளைய தாரமாக வந்தவர்கள் அந்த நாளை நினைத்து நடுங்குவார்கள். இவள் தை பிறந்ததும் படைப்பு எப்போது என்று கேட்க ஆரம்பித்துவிடுவாள்.

தொண்ணூற்றெட்டில் வனப்பேச்சியை மம்சாபுரத்தில் கட்டிக் கொடுத்தோம். மாரியாத்தாள் அப்போது இல்லை. கிளம்புகிற அன்று பெண், அம்மா சேலையை நான் கொண்டு போறேன் சித்தி என்று கேட்டது. நானும் கொடுத்துவிடு என்றேன். அய்யம்மாள் ஓலைப்பெட்டியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"வீட்டுச்சாமிய வெளிய அனுப்பக் கூடாது. மாசிக்கு நீதான் இங்க வரணும்," என்றாள்.