கைப்பிடி இறங்கும் வரை

என் காதுகுத்துக்கு மாமா வரவில்லை. மாமா என்றால் அம்மாவின் சொந்தத் தம்பி. பெங்களூரில் மடிக்கணினிக்குப் போர்டு தயாரிக்கும் கம்பெனியில் வேலை. ஏதோ ஒரு போர்டு அந்த வாரமே முடிந்தாக வேண்டும் என்று அவரை விடவில்லையாம். தாய்மாமன் மடியில் உட்காராமல் காது குத்தக்கூடாது என்பது எங்கள் ஜவ்வாது மலையில் பால்குடிக்கும் குழந்தைக்கும் தெரியும். எனக்கு யாரோ ஒரு தூரத்து மாமனைப் பிடித்து உட்காரவைத்துக் குத்தினார்கள். நான் அழுதது ஊசி குத்திய வலியில்தான். அப்பாவோ அது அவமானத்தில் வந்த அழுகை என்று முடிவு செய்துவிட்டார். அன்றோடு மச்சானுடன் பேச்சை நிறுத்தினார்.

தம்பிக்குக் காது குத்த நாள் குறித்தபோது அம்மா போனில் அழுத அழுகையில் மாமா முதல்நாள் காலையிலேயே போளூர் வந்து, அங்கிருந்து பஸ் பிடித்து மலைக்கு வந்து சேர்ந்தார். தனியாக வரவில்லை. கூடவே ஒரு போர்டும் வந்தது.

மடிக்கணினி என்றால் மூடித் திறக்கிற பெட்டி என்றுதான் எனக்குத் தெரியும். இதற்குப் பெட்டி இல்லை, விசைப்பலகை இல்லை, பேட்டரிகூட இல்லை. தோலை உரித்த மாதிரி பச்சையாக ஒரு பலகை, அதன்மேல் ஒரு குட்டி விசிறி. இன்னும் கடைக்கு வராத, சோதித்துப் பார்க்கச் செய்த போர்டு, உலகத்திலேயே விரல்விட்டு எண்ணுகிற அளவுக்குத்தான் இருக்கிறது என்றார் மாமா. மணைப் பலகையைத் துடைத்து அதன்மேல் வைத்தார். மணிக்கட்டில் ஒரு பட்டையை மாட்டி, அதிலிருந்து போன கம்பியை ஜன்னல் இரும்பில் கவ்வவிட்டார். மாட்டைக் கட்டுவார்கள், பார்த்திருக்கிறேன். தன்னைத் தானே கட்டிக்கொண்ட மனிதரை அன்றுதான் பார்த்தேன்.

"தொட்டுடாத பாப்பா. உன் கையில கீற கரண்ட்டே அதைக் கொன்னுடும். அதுக்குத்தான் எனக்கு இந்தக் கம்பி" என்றார்.

என் கையில் கரண்ட் இருப்பதே எனக்கு அதுவரை தெரியாது. இரண்டு கைகளையும் அக்குளில் செருகிக்கொண்டேன். அன்று மத்தியானம் சோறு சாப்பிடக்கூடப் பயமாக இருந்தது.

புது நிரல்களைப் போளூரில் டவர் கிடைத்த இடத்தில் இறக்கி, பென்டிரைவில் கொண்டு வந்திருந்தார். முதலில் ஃபர்ம்வேர், அப்புறம் ஆபரேட்டிங் சிஸ்டம். இரண்டையும் ஏற்றி, பொழுது சாய்வதற்குள் கம்பெனிக்குச் செய்தி அனுப்ப வேண்டும். அந்த நிபந்தனையின் பேரில்தான் லீவு. அனுப்பாவிட்டால் அன்றைக்கே பெங்களூருக்குக் கிளம்பிவிட வேண்டும். அம்மா இதைக் கேட்டதும் சாமிப் படத்தைப் பார்த்தாள். மறுநாள் தம்பியும் மாமன் மடி இல்லாமல் உட்கார்ந்தால், அப்பா அம்மாவின் பிறந்த வீட்டுப் பக்கமே இனித் தலைவைத்துப் படுக்கமாட்டார். அது எனக்கே தெரிந்திருந்தது.

ஃபர்ம்வேர் என்றால் என்ன என்று கேட்டேன்.

"போர்டுக்குப் புத்தி மாதிரி. கண்ணு முழிச்சதும் நான் யாரு, இன்னா வேலை செய்யணும்னு அதுக்குச் சொல்றது அதான். இப்ப பழைய புத்திய அழிச்சிட்டுப் புதுசு எழுதப்போறேன்."

"அழிச்சிட்டா?"

"அழிச்சதுக்கும் எழுதி முடிக்கிறதுக்கும் நடுவுல கரண்ட் போச்சின்னா அவ்ளோதான். செத்துடும். இங்க வச்சி எழுப்ப முடியாது."

எங்கள் டிவியையே அதற்குத் திரையாக மாட்டியிருந்தார். பாட்டும் சீரியலும் ஓடுகிற டிவியில் கறுப்புத் திரையும் வெள்ளைக் கோடும் வந்தன. கோடு இடப்பக்கத்திலிருந்து எறும்பு ஊர்வதுபோல நகரத் தொடங்கியது. அப்போது வெளியே சுள்ளென்று வெயில்.

மலையில் மழை சொல்லிவிட்டு வருவதில்லை. கோடு பாதி தூரம்கூடப் போகவில்லை, மேற்கு முகட்டுக்கு அந்தப் பக்கம் குடுகுடுவென்று உருண்டது.

மாமா கோட்டைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. எனக்கும் அம்மாவுக்கும்தான் முகம் வெளுத்தது. மாமா ஊரைவிட்டுப் போனபின் வந்த வழக்கம் ஒன்று அவருக்குத் தெரியாது. சில வருஷத்துக்கு முன்னால் ஒரு கோடை இடி கம்பி வழியே இறங்கி, எங்கள் ஊரில் இருந்த டிவி அத்தனையையும் கருக்கிவிட்டது. டிரான்ஸ்பார்மர் பக்கத்தில் கட்டியிருந்த ஒரு ஜோடி எருது நின்ற இடத்திலேயே விழுந்தது. லைன்மேன் மலையேறி வந்து சேர்வதற்குள் இடி பத்துத் தடவை இடித்துவிடும். அதனால் ஊர் கூடி ஒரு முடிவெடுத்தது. முதல் இடிச் சத்தம் கேட்டதும் முறைக்காரர் ஓடிப்போய் டிரான்ஸ்பார்மர் கம்பத்தில் இருக்கிற இரும்புக் கைப்பிடியை இறக்கிவிட வேண்டும். கரண்ட் முழுவதும் நின்றுவிடும். செய்யக்கூடாத வேலைதான், ஆனால் செய்தார்கள். வாரத்துக்கு ஒரு வீடு முறை.

அந்த வாரம் எங்கள் வீடு. சாமைக் கொல்லையில் இருந்த அப்பா இந்நேரம் டிரான்ஸ்பார்மரை நோக்கி ஓடிக்கொண்டிருப்பார்.

அம்மா ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். மாமாவின் நெற்றியில் வேர்வை பொட்டுப் பொட்டாகக் கிளம்பியது. கட்டிய கையோடு எழப் பார்த்தார், போர்டை விட்டு நகர மனசு வரவில்லை.

"பாப்பா, ஓடு! அப்பாகிட்ட சொல்லு, கொஞ்சம் நேரம் பொறுத்துக்கச் சொல்லு!"

ஓடினேன். கொல்லை வரப்பில் விழுந்து எழுந்து ஓடினேன். முதல் துளிகள் கல் மாதிரி முதுகில் விழுந்தன. அப்பா கம்பத்தடியில் நின்றிருந்தார். கைப்பிடியில் கை வைத்துவிட்டார்.

"எப்பா! இறக்காத! கரண்ட் போனா செத்துடுமாம்!"

"எது?"

"போர்டு."

அப்பா சிரித்துவிடுவார் என்று பயந்தேன். அல்லது மச்சானைத் திட்டிக்கொண்டே படக்கென்று இறக்கிவிடுவார். இரண்டும் செய்யவில்லை. கைப்பிடியிலிருந்து கையை எடுத்தார். வானத்தைப் பார்த்தார். பிறகு எங்கள் வீட்டைப் பார்த்தார். அங்கிருந்து எங்கள் வாசல் நன்றாகத் தெரியும்.

"நீ இங்க நிக்காத. வூட்டுக்கு ஓடு. முடிஞ்சதும் உங்கம்மாவ வாசல்ல நின்னு சேப்புப் பொடவைய ஆட்டச் சொல்லு. போ!"

நான் திரும்பி ஓடும்போதே பக்கத்து வீட்டுப் பெரியப்பா கத்திக்கொண்டிருந்தார். "இன்னாடா மரமாட்டம் நிக்கிற? கைப்பிடிய இறக்குடா! ஊரக் கொளுத்தப் பாக்கறியா?"

வீட்டுக்குள் வந்து விழுந்தபோது கோடு முக்கால் தூரம் போயிருந்தது. அப்பா சொன்னதை நான் சொல்லி முடிப்பதற்குள் அம்மா பெட்டியிலிருந்து சிவப்புப் புடவையை உருவிக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டாள். நான் மாமா பக்கத்தில் குந்திக்கொண்டேன். கைகள் மறுபடியும் அக்குளில். ஒரு மின்னல் வெட்டியது. வீடு முழுக்க வெள்ளையாகி அணைந்தது. டிவித் திரை ஒரு தடவை நடுங்கியது. மாமா என்னென்னவோ சாமி பேரெல்லாம் சொன்னார். பெங்களூர் போனபின் சாமி கும்பிடுவதை விட்டுவிட்டதாக அம்மா குறைப்படுவாள். அது அவ்வளவு உண்மையில்லை என்று தெரிந்தது.

கோடு மறுமுனையைத் தொட்டது. உடனே திரை முழுக்க இருண்டது. விசிறியும் நின்றது.

"செத்துடுச்சா?" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

"இல்ல. புதுப் புத்தியோட முழிக்குது. இப்பதான் ஜாஸ்தி ஜாக்கிரதை. அக்கா, இன்னும் ஆட்டாத! இன்னும் ஆட்டாத!"

அந்த இருட்டு மாதிரி நீளமான எதையும் நான் அப்புறம் பார்த்ததில்லை. வெளியே இடி ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தது. பெரியப்பாவின் வசவு மழையோடு சேர்ந்து வந்தது. போர்டே, முழிச்சிக்கோ, தம்பிக்குக் காது குத்தணும், முழிச்சிக்கோ என்று மனசுக்குள் கெஞ்சினேன்.

விசிறி சுற்றியது. திரையில் எழுத்து வந்தது. மாமா "ஆட்டுக்கா!" என்று அலறினார்.

அம்மா கையை உயர்த்திப் புடவையை ஆட்டினாள். ஆட்டிய மறு நொடி கரண்ட் போயிற்று. திரை, விசிறி எல்லாம் அடங்கின. நான் வீறிட்டேன். மாமா என் தலையைத் தடவி, "இப்பப் போனா பரவால்ல பாப்பா, எழுதி முடிச்சாச்சி" என்று சிரித்தார். மழை விட்டுக் கரண்ட் வந்தபின் ஆபரேட்டிங் சிஸ்டத்தை ஏற்றினார். அது நடுவில் நின்றாலும் மறுபடி ஏற்றிக்கொள்ளலாமாம். செய்தி அனுப்ப டவருக்காகப் பாறைமேல் ஏறிப் போனார்.

அப்பா சொட்டச் சொட்ட வந்தார். பெரியப்பா பின்னாலேயே வந்து, ஊரையே பணயம் வைத்ததாக ஒரு பாட்டம் திட்டித் தீர்த்தார். அப்பா தலையைத் துவட்டிக்கொண்டே, "மழையில கை வழுக்கிடுச்சிண்ணா" என்றார். பெரியப்பா போனதும் என்னைப் பார்த்தார்.

"பொழச்சிதா?"

"பொழச்சிதுப்பா."

அவ்வளவுதான். மறுநாள் தம்பி மாமா மடியில் உட்கார்ந்து, மலை அதிரக் கத்தினான். "கெட்டியாப் புடி மச்சான், திமிறுறான்" என்றார் அப்பா. என் காதுகுத்துக்குப் பிறகு அவர் மாமாவிடம் பேசிய முதல் வார்த்தை அது. மாமா குனிந்து தம்பியைப் பிடித்தார், நிமிரவே இல்லை.

இடி இடித்த அன்று எனக்கு அம்மா மேல்தான் கோபம். நானும் மாமாவும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அவள் ஒரு தடவைகூட உள்பக்கம் திரும்பவில்லை. வாசல் கட்டையைப் பிடித்துக்கொண்டு, மழைக்குள்ளே கம்பத்துப் பக்கமே பார்த்தபடி நின்றாள். கூடப்பிறந்த தம்பியின் போர்டு சாகக் கிடக்கிறது, இவள் வேடிக்கை பார்க்கிறாளே என்று ஆத்திரமாக வந்தது. எல்லாம் முடிந்தபின் கேட்டும்விட்டேன்.

"உனக்குப் பயமாவே இல்லியாம்மா?"

அம்மா ஈரப் புடவையை என்னிடம் கொடுத்து உலர்த்தச் சொன்னாள். கொடியில் விரித்தபோது பார்த்தேன், முந்தானை ஓரம் முழுக்கக் கடித்துக் குதறிப்போயிருந்தது. பெட்டிக்குள் எலி புகுந்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.