பதிவேட்டின் வலது பக்கம்

எங்கள் வீட்டுப் பேரை இங்கே எழுதப் போவதில்லை. அதை ஒரு முறை எழுதி நான் பட்டது போதும். நான் பட்டது என்று சொல்வதும் பொய்தான். பட்டவர்கள் வேறு.

சந்தவாசல் பக்கத்து ஊர்களில் பிறந்தவர்களுக்கு வீட்டுப் பேர் என்றால் விளக்க வேண்டாம். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். அது ஆதாரில் இருக்காது, ரேஷன் கார்டில் இருக்காது. குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்கும்போதும் பெண் பார்க்கும்போதும் மட்டும் வெளியே வரும். இரண்டு குடும்பத்துக்கும் ஒரே வீட்டுப் பேர் என்றால் பங்காளிகள். பங்காளி வீட்டுப் பெண் தங்கை முறை. கல்யாணப் பேச்சு அதோடு முடிந்தது.

நான் ஜமுனாமரத்தூரில் பள்ளி ஆசிரியை. பழைய காகிதம் என்றால் எனக்குப் பைத்தியம். கிரயப் பத்திரம், மடித்து மடித்துக் கிழிந்த கல்யாணப் பத்திரிகை, ஸ்டுடியோ படம், எதிலாவது எங்கள் வீட்டுப் பேர் இருந்துவிட்டால் அது என் ஃபைலுக்குள் போய்விடும். “இத்தயெல்லாம் வெச்சிக்கினு இன்னா பண்ணப்போற?” என்று அம்மா கேட்பார். நமக்குப் பின்னால் வருகிறவர்களுக்கு, என்று பெரிய மனுஷி மாதிரி பதில் சொல்வேன்.

தம்பிக்கு ஆலங்காயம் பக்கத்தில் பெண் அமைந்தது. தட்டு மாற்றியாகிவிட்டது. யாரிடமும் இரண்டு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசாத பயல், போனை எடுத்துக்கொண்டு மாட்டுக்கொட்டகைப் பக்கம் போய் ஒரு மணி நேரம் சிரித்துக்கொண்டிருப்பான். அந்தப் பெண் என்னை முதல் நாளே அண்ணி என்று கூப்பிட்டாள். எனக்கு அவளை அவ்வளவு பிடித்துப் போயிற்று. கல்யாணத்துக்கு இரண்டு குடும்பங்களின் வம்சாவளியையும் வரைந்து, சட்டம் போட்டுக் கொடுப்பதென்று நானே முடிவு செய்தேன். யாரும் கேட்கவில்லை. நம்மை யாராவது கேட்டுத்தான் செய்கிறோமா?

அவர்கள் வீட்டுக்குப் போய்ப் பழைய படம் கேட்டேன். அவள் பெட்டிக்கு அடியிலிருந்து ஒன்றை எடுத்து வந்தாள். நாற்காலியில் தலைப்பாகையோடு ஒருவர், அவர் கை ஒரு பையனின் தோள்மேல்.

“இது எங்க தாத்தா, சின்ன வயசுல. உக்காந்திருக்கிறவரு அவரப் படிக்க வெச்சவராம், அண்ணி. பேரெல்லாம் எங்களுக்குத் தெரியாது.”

எனக்குத் தெரிந்தது. அது என் கொள்ளுத்தாத்தா. அதே படத்தின் இன்னொரு பிரதி எங்கள் வீட்டுச் சுவரில், அம்மாவின் பூஜைப் படங்களுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அந்தக் காலத்தில் அவர் மலைமேல் சாமை, புளி வியாபாரம் செய்தார். ஜமுனாமரத்தூரில் அவருக்கு வீடே இருந்தது. அவர் தோள்மேல் கை வைத்திருந்த பையனை, அவருடைய பிள்ளைகளில் சின்ன வயதில் இறந்துபோன ஒருவர் என்று நாங்கள் நினைத்திருந்தோம். அவளிடம் ஒன்றும் சொல்லாமல் படத்தை இரவல் வாங்கி வந்தேன்.

மறுநாள் எங்கள் பள்ளி அலமாரியிலிருந்து பழைய சேர்க்கைப் பதிவேட்டை இறக்கினேன். மேசை அகலத்துக்கு விரியும் பெரிய புத்தகம். ஒரு மாணவனின் விவரம் இடது பக்கத்தில் தொடங்கி வலது பக்கத்தில் முடியும். இடது பக்கத்திலேயே கண்டுபிடித்துவிட்டேன். அவளுடைய தாத்தாவின் பேர், அதற்கு முன்னால் எங்கள் வீட்டுப் பேர். போனில் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்தேன். புத்தகத்தை மூடினேன். வீட்டுக்கு வந்ததும் அவர்களுடைய புகைப்படத்தின் பின்னால் எங்கள் வீட்டுப் பேரைப் பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி எழுதினேன்.

இதைச் சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. நல்லவேளை, நடக்கக்கூடாதது நடக்க இருந்தது, என் ஃபைல்தான் காப்பாற்றியது என்று நினைத்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை பெரியப்பா வந்திருந்தார். அவர் எதிரில் போனை நீட்டினேன். அவர் வாங்கிப் படித்தார்.

“நீ இல்லனா இன்னா ஆயிருக்கும், பாரு” என்றார்.

உண்மையைச் சொல்கிறேன், எனக்குப் பெருமையாக இருந்தது. தம்பி சாப்பிட்டுக்கொண்டிருந்தான். எழுந்து கை கழுவப் போனவன் திரும்பி வரவில்லை.

பெண்ணின் அப்பா பஸ் பிடித்து வந்து சேர்ந்தார். “எங்க வூட்டுப் பேரு வேறங்க. எங்கப்பாரு யாரு வூட்லயோ தங்கிப் படிச்சாரு, அவ்ளோதாங்க” என்று திரும்பத் திரும்பச் சொன்னார். வீட்டுப் பேரை மாற்றிச் சொல்லிப் பெண் கொடுக்கப் பார்த்தீர்கள் என்று பெரியப்பா அவரை நிற்கவைத்தே கேட்டார். “எழுத்துல இருக்குதே, இதுக்கு இன்னா சொல்ற?” என்றார். நான்தான் போனில் பதிவேட்டுப் படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கிக் காட்டினேன். பெண்ணின் அப்பா கண்ணாடி கொண்டுவரவில்லை. சட்டையில் கையைத் துடைத்துவிட்டு என் போனை வாங்கி, கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார். பிறகு என்னிடமே கொடுத்துவிட்டுப் போனார். நாங்கள் தட்டைத் திருப்பி அனுப்பினோம்.

ஒன்றரை வருடம் போயிற்று. தம்பி மறுபடியும் பேசாத பயலாகிவிட்டான். போளூர்ப் பக்கம் வேறு பெண் பார்த்து, பத்திரிகையும் கொடுத்து முடித்தோம். கல்யாணத்துக்கு ஒன்பது நாள் இருந்தது. யாரோ ஒருவர் தன் அப்பாவின் பள்ளிச் சான்றுக்கு வந்தார் என்று அதே பதிவேட்டை இறக்கினேன். பழைய பக்கம் தானாகவே திறந்துகொண்டது, அவ்வளவு அழுத்தி விரித்திருந்தேன் போல. இந்த முறை வலது பக்கமும் கண்ணில் பட்டது.

தகப்பனார் என்ற கட்டத்தில் வேறு ஒரு பேர், வேறு வீட்டுப் பேர், ஆலங்காயம் பக்கத்து ஊர். பாதுகாவலர் என்ற கட்டத்தில் என் கொள்ளுத்தாத்தா. பையன் யார் வீட்டில் தங்கியிருந்தானோ அந்த வீட்டுப் பேரை வாத்தியார் முன்னால் சேர்த்து எழுதியிருக்கிறார். அவர்கள் சொன்னதெல்லாம் நிஜம். வினாத்தாளின் பின்பக்கத்தைப் பார்க்காமல் வரும் பிள்ளைகளை நான் எத்தனை முறை திட்டியிருக்கிறேன் என்று யோசித்தபடி அங்கேயே உட்கார்ந்திருந்தேன். வந்தவர் இரண்டு முறை கூப்பிட்டாராம்.

அன்று வீட்டுக்குப் போனபோது தம்பி தைத்து வந்த சட்டையைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் வாசற்படியிலேயே நின்றேன்.

“இன்னாக்கா?”

“ஒண்ணுமில்லடா. தோள் கொஞ்சம் லூசா இருக்குது.”

பத்திரிகை கொடுத்தாயிற்று, வரப்போகும் பெண் என்ன பாவம் செய்தாள், இப்படியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதெல்லாம் காரணமே இல்லை. பெரியப்பா எதிரில் நான் தப்பு செய்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அவ்வளவுதான். கல்யாணம் நடந்தது. நான்தான் தம்பி மனைவிக்கு மூன்றாவது முடிச்சு போட்டேன்.

ஒரு மாதம் கழித்து, இரவல் படத்தை எடுத்துக்கொண்டு ஆலங்காயம் போனேன். அந்தப் பெண் பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை செய்கிறாள். நிச்சயம் நின்றுபோன பெண் என்று அவளுக்கு அப்புறம் ஒன்றும் அமையவில்லை. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள்.

“வாங்க, டீச்சர்.”

அண்ணி இல்லை. எங்கள் பெரியப்பாவின் கணக்குப்படி அக்காவும் இல்லை. வழியெல்லாம் சேர்த்துவைத்த பேச்சை மறந்துவிட்டு, அன்று இரண்டு பக்கமும் சேர்த்துப் போனில் எடுத்திருந்த படத்தில் வலது பக்கத்தைக் காட்டினேன். “தப்பு எம்மேலதாம்மா. உங்கப்பா சொன்னது நிஜம்” என்றேன். அழுதேன். அவள் அழவில்லை. புகைப்படத்தைத் திருப்பி, பின்னால் நான் எழுதியிருந்ததைப் படித்தாள். விரலால் தடவிப் பார்த்தாள். பேனா அழுத்தம் முன்பக்கம் வரை, தாத்தாவின் சட்டைமேல் தெரிந்தது.

“இத எப்போ பார்த்தீங்க? கல்யாணத்துக்கு முன்னயா, பின்னயா?”

“முன்ன. ஒன்பது நாள் முன்ன.”

அவள் தலையாட்டினாள். என் போனிலிருந்து அந்தப் பதிவேட்டுப் படத்தை வாங்கி அச்செடுத்தாள். இரண்டு பிரதி.

“ஒண்ணு எங்கப்பாவுக்கு. ஊர்ல யாரும் அவரு பேச்சை நம்பல. இன்னொண்ண உங்க பெரியப்பாகிட்ட நீங்களே குடுங்க. ரெண்டுலயும் உண்மை நகல்னு கையெழுத்துப் போடுங்க, டீச்சர். நீங்க போட்டாத்தான நம்புவாங்க.”

போட்டேன். தாள்களைத் திருப்பிப் பார்த்துவிட்டு மறுபடியும் என் பக்கம் தள்ளினாள்.

“தேதி போடல.”

அன்றைய தேதியை எழுதப் போனேன். அவள் தாளின்மேல் கை வைத்தாள்.

“இன்னிக்குத் தேதி வேணாம். பார்த்த தேதியப் போடுங்க.”