வாய் அசைஞ்சுச்சு, குரலைக் காணோம்

எண்பதுகளோட நடுவுல நடந்தது இது. அப்ப நாங்க குருண்ங்கிற சின்ன ஊர்ல, அலோர் ஸ்டார் போற பெரிய ரோட்டு மேலயே ஒரு சின்ன வீடியோ கடை வச்சிருந்தோம். முன்னால படக் கேசட் வாடகைக்கு. பின்னால ஒரு ரூம்ல ரெண்டு வீடியோ மெஷின், ஒரு டிவி, ஒரு பாட்டு டெக். கல்யாணம், காது குத்து, சடங்குன்னு சுத்துவட்டாரத் தோட்டத்துல எங்க விசேஷம்னாலும் என் வீட்டுக்காரர் கேமராவைத் தூக்கிக்கிட்டுப் போயிருவார். அவர் எடுத்துட்டு வர்றதை வெட்டி ஒட்டிச் சேக்குறது நான். வெட்டி ஒட்டன்னு சொல்றேனே ஒழிய கத்தியும் கிடையாது, பசையும் கிடையாது. எடுத்த டேப்பை ஒரு மெஷின்ல ஓட விட்டு, வேணுங்கிற இடத்தை மட்டும் அடுத்த மெஷின்ல பதியணும். கொஞ்சம் பிந்துனா மாப்பிள்ளை தலை காணாமப் போயிரும். எனக்குப் பொறவியிலேயே பொறுமை கம்மி. இந்த வேலையில வந்து மாட்டுனது என் தலையெழுத்து.

அந்தக் காலத்துல கல்யாண வீடியோன்னா ஒரு வழக்கம் உண்டு. எடுத்தப்போ பதிஞ்ச சத்தத்தை யாரும் வச்சுக்க மாட்டாங்க. புள்ளைங்க அழுகை, ஜெனரேட்டர் இரைச்சல், தட்டு உருள்ற சத்தம், இதெல்லாம் யாருக்கு வேணும்? அதை மொத்தமா தூக்கிட்டு நல்ல சினிமாப் பாட்டாப் போட்டுக் குடுப்போம். சனங்களும் அதைத்தான் கேட்டாங்க. பொண்ணு வர்றப்போ எந்தப் பாட்டு, தாலி கட்டுறப்போ எந்தப் பாட்டுன்னு சொல்லிட்டுத்தான் போவாங்க. வேலை முடிஞ்சதும் மூல டேப் எங்ககிட்டயே இருக்கும். அடுத்த விசேஷத்துக்கு அது மேலயே பதிஞ்சுக்குவோம். புது டேப் அன்னைக்கு நெனச்சப்போ வாங்குற சாமான் இல்ல.

ஒரு நாள் காலையில கடையைத் திறந்து கூட்டிக்கூட முடிக்கல, ஒரு பொண்ணு வந்து நின்னா. ஜித்ராவுல வாழ்க்கைப்பட்டவ. அவ கல்யாணத்தை நாங்கதான் எடுத்திருந்தோம், பக்கத்துத் தோட்டத்துக் கோயில்ல. கூட அவ அப்பா. அவரை எனக்கு நல்லா ஞாபகம் இருந்துச்சு. கோயில்ல பாடுறவர். லயத்து வீட்டு வாசல்ல நின்னு கூப்பிட்டார்னா கித்தாக் காடு, அந்த ரப்பர் மரம் அத்தனையும் தாண்டிக் கேக்கும்னு சொல்லுவாங்க. இப்ப கழுத்தைச் சுத்தி ஒரு வெள்ளைத் துணி. கும்பிட்டார். பேசல.

"தொண்டையில கட்டி அக்கா. பினாங்குல ஆபரேஷன் பண்ணி எடுத்துட்டாங்க. குரல் இனிமே வராது"ன்னா.

அவரை முன்னால உக்கார வச்சுட்டு என்னைத் தனியா உள்ள தள்ளிக்கிட்டு வந்தா. போன வாரம் வீட்ல கல்யாண டேப்பைப் போட்டிருக்காங்க. தாலி கட்டி முடிஞ்சதும் அப்பா நின்னு வாழ்த்துப் பாடுவார்ல, அதைக் கேக்கணும்னு மனுசன் டிவிக்குப் பக்கத்துல போய் உக்காந்திருக்கார். "அப்பா வாய் அசையுது அக்கா. வர்றது எவனோ பாடுற சினிமாப் பாட்டு." மூக்கை உறிஞ்சிக்கிட்டு, "எழுந்து வெளிய போனவர் பொழுது சாயுற வரைக்கும் வீட்டுக்குள்ள வரல. பழைய சத்தம் உங்ககிட்ட இருக்கும்தானே அக்கா?"ன்னு கேட்டா.

அந்த எடத்துக்கு அந்தப் பாட்டு அப்படிப் பொருந்தியிருக்குன்னு நானும் என் வீட்டுக்காரரும் அப்ப பீத்திக்கிட்டோம். "இரு, பாக்குறேன்"னு சொல்லிட்டு அலமாரியைக் கவுக்க ஆரம்பிச்சேன்.

இருக்குற மூல டேப்பை எல்லாம் ஒவ்வொண்ணாச் சொருகி ஓட விட்டேன். ஒண்ணுல வேற யாரோ பொறந்தநாள். ஒண்ணுல பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி. ஒண்ணுல வெறும் புள்ளி புள்ளியா மழை. வெளிய அந்த மனுசன் ரூம் கதவையே பாத்துக்கிட்டு இருக்குறது எனக்குத் தெரியுது. என்னால ஒரு எடத்துல நிக்க முடியல. என் வீட்டுக்காரர் மெதுவா தலையைச் சொறிஞ்சுக்கிட்டு, "அதுக்கு அடுத்து நான் எடுத்தது பெண்டாங் ஊர்ல ஒரு காது குத்து. அந்த டேப்பைத்தான் எடுத்துட்டுப் போயிருப்பேன்"னார். "எடுத்துட்டுப் போனீங்க சரி, டேப் எங்க?"ன்னா, "அவங்க எடிட்டிங் வேணாம், எடுத்ததை அப்படியே குடுங்கன்னு கேட்டாங்க. குடுத்துட்டேன்லா"ங்கிறார். அடப்பாவி மனுசான்னு இருந்துச்சு.

ஆனா ஒரு கணக்கு மனசுல ஓடுச்சு. காது குத்து எவ்வளவு நேரம் எடுத்திருப்பார்? மேல பதிஞ்சது டேப்போட முன்பாதியைத்தான் தின்னிருக்கும். அது முடியுற எடத்துக்கு அப்பால பழைய கல்யாணம் அப்படியே இருக்கும். பாட்டு அந்தப் பக்கம் இருக்கா, இந்தப் பக்கம் மாட்டிக்கிச்சா, அதுதான் கேள்வி. கடைச் சாவியை அந்தப் பொண்ணு கையிலயே குடுத்து, யாராவது வந்தா படம் குடுத்து அனுப்புன்னு சொல்லிட்டு, வீட்டுக்காரர் மோட்டர் சைக்கிளுக்குப் பின்னால ஏறி உக்காந்துட்டேன். வழி முழுக்க வயக்காடு. இன்னும் வேகமாப் போங்கன்னு அவர் முதுகுல குத்திக்கிட்டே போனேன்.

பெண்டாங்ல அந்தக் காது குத்து வீட்டு ஆம்பளைக்கு நெல்லு மில்லுல வேலை. அந்தம்மா மட்டும் இருந்தாங்க. விசயத்தைச் சொன்னதும் சாமி மேடையில இருந்து மஞ்சத் துணி சுத்துன ஒரு பொட்டலத்தை எடுத்தாங்க. பிரிச்சா டேப். மேல சந்தனம், குங்குமம், திருநீறு. "சரஸ்வதி பூசைக்கு வச்சோம் அக்கா. எங்க வீட்ல மெஷின் இல்ல. பக்கத்துல மலாய்க்கார மக்சிக் வீட்ல ரெண்டு தடவ பாத்தோம், அப்புறம் கெட்டுப் போயிரக் கூடாதுன்னு சாமிகிட்டயே வச்சுட்டேன்"னாங்க. மூடியைத் தூக்கிப் பாத்தேன். டேப் ஓரமெல்லாம் வெள்ளை. பூசணமா திருநீறான்னு சத்தியமா எனக்குத் தெரியல.

"எங்க புள்ள படம் அழிஞ்சிராதே?"ன்னு கேட்டாங்க. பொய் சொல்ல வாய் வரல. இப்படி பூத்துப்போன டேப்பை ஓட்டுனா அறுந்தும் போகலாம்னேன். அந்தம்மா கையை டேப் மேலயே வச்சிருந்தாங்க. நடையில காது குத்துன அந்தச் சின்னப் பொண்ணு ஒரு கோழியைத் துரத்திக்கிட்டு வீடே இடிய கத்திக்கிட்டிருந்தா. அவளைப் பாத்துட்டு, "இவதான் நாள் முழுக்க கத்திக்கிட்டு இருக்காளே. அந்த மனுசனுக்குக் குடுங்க அக்கா"ன்னு என் கையில வச்சாங்க. புதுசா ஒரு காப்பி போட்டுக் கொண்டாந்து தர்றது என் பொறுப்புன்னு சொல்லிட்டு ஓடியாந்தேன்.

குருண் வந்ததும் நான் பண்ணுன முதல் வேலையே தப்பு. அவசரத்துல நேரா மெஷின்ல சொருகிட்டேன். உள்ள இழுத்துச்சு, முனகுச்சு, துப்பிருச்சு. திறந்து பாத்தா மெஷின்ல டேப்பைப் படிக்கிற ஹெட்டெல்லாம் வெள்ளைப் பொடி. அதை ஸ்பிரிட் போட்டுத் துடைச்சேன். அப்புறம் டேப்போட அடியில இருக்குற ஸ்க்ரூவைக் கழட்டி, மூடியைத் திறந்து, சக்கரத்தைக் கையாலயே சுத்திச் சுத்தி, மெல்லிசு பருத்தித் துணியில டேப்பை இந்த முனையில இருந்து அந்த முனை வரைக்கும் துடைச்சேன். எனக்குப் பயம் படத்துக்கு இல்ல. சத்தம் டேப்போட ஓரத்துல ஒரு நூல் கணக்கான கோட்டுலதான் பதிஞ்சிருக்கும். பூசணமும் ஓரத்தைத்தான் முதல்ல புடிக்கும். படம் பளிச்சுன்னு வந்து சத்தம் செத்துப் போயிருந்தா அந்த மனுசன் மூஞ்சியில நான் எப்படி முழிக்கிறது? துடைக்கத் துடைக்க எனக்கு உள்ளங்கை வேர்த்துச்சு. வேர்வை டேப்புல படக் கூடாதேன்னு வேற தவிப்பு. மாதாவே, காப்பாத்துன்னு வாய் முணுமுணுத்துக்கிட்டே இருந்துச்சு.

ஒரு தடவைதான் ஓடும்னு வச்சுக்கிட்டு, பக்கத்து மெஷின்ல புது டேப்பைப் போட்டு, படமும் சத்தமும் சேந்து பதியட்டும்னு தட்டி விட்டேன். அப்பனையும் மகளையும் உள்ள கூப்பிட்டு உக்கார வச்சேன்.

படம் வந்துச்சு. காது குத்து. சத்தம்? தண்ணிக்குள்ள இருந்து பேசுற மாதிரி முக்கலும் முனகலும். சத்தத்தைப் படிக்கிற ஹெட்டுக்குப் பக்கத்துல ஒரு சின்ன ஸ்க்ரூ இருக்கும். இதை எடுத்தப்போ பதிஞ்ச பழைய மெஷினை வித்துட்டோம், இதுக்கும் அதுக்கும் ஹெட்டோட சாய்வு ஒத்துப் போகல. மூச்சைப் புடிச்சுக்கிட்டு மயிரிழை மயிரிழையா திருப்புனேன். திடீர்னு அந்தப் பெண்டாங் புள்ள வீல்னு அழுதது காதைப் பொளந்துச்சு. அதைக் கேட்டு நான் சிரிச்சுட்டேன். அப்படி ஒரு சந்தோசம்.

ஆனா அந்தக் காது குத்து முடியவே மாட்டேங்குது. மாமன் மடியில உக்காருது, மொய் வைக்கிறாங்க, போட்டோ புடிக்கிறாங்க. என் வீட்டுக்காரர் மேல எனக்கு வந்த கோவம் இருக்கே! இவ்வளவையா எடுப்பாங்க? ஒவ்வொரு நிமிசமும் அந்த அப்பாவோட பாட்டைத் தின்னுக்கிட்டே போற மாதிரி இருந்துச்சு. நான் எழுந்து உக்காந்து, எழுந்து உக்காந்து, கடைசியில சுவத்துல சாஞ்சு நின்னுட்டேன்.

ஒரு இழுப்பு. புள்ளி புள்ளியா மழை. அப்புறம் கல்யாணம். திரையில முதல்ல தெரிஞ்சது வாழை இலை.

பந்தி. தாலி கட்டி, வாழ்த்துப் பாடி, எல்லாம் முடிஞ்சு சனம் சாப்பிட உக்காந்தாச்சு. பாட்டு போச்சு. அந்தப் பொண்ணு என்னைத் திரும்பிப் பாத்தா. எனக்கு அழுகையே வந்துருச்சு. நிறுத்திரலாம்னு கையை நீட்டுனேன்.

அப்ப டிவிக்குள்ள இருந்து ஒரு சத்தம். ஆள் தெரியல, கேமராவுக்குப் பின்னால எங்கயோ நின்னு. "டேய், அந்த ஓரத்து இலைக்கெல்லாம் ரசம் போகலடா! வாளியை எவன்டா வச்சுக்கிட்டு வேடிக்கை பாக்குறது?"

அந்த மனுசன் நாக்காலியில இருந்து பாதி எழுந்துட்டார்.

அதுக்கப்புறம் நிக்கவே இல்ல. "மச்சான், சாப்பிடாம செருப்பைத் தேடுனீங்க, கால ஒடிச்சிருவேன்." "பாயசம் இருக்கா, தீந்துருச்சா? தீந்துருச்சுன்னு வெளிய சொல்லாதடா மூதேவி!" பந்தி முழுக்க அவர் கத்தல்தான். நாங்க வேணாம்னு தூக்கிப் போட்ட இரைச்சல் அது. மக வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சா. அவர் தோள் ரெண்டும் குலுங்குது, வாயெல்லாம் சிரிப்பு, சத்தம் மட்டும் இல்ல. திரையைக் காட்டுறார், தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டுறார், நான்தான் நான்தான்னு என்னைப் பாத்து.

கடைசியில பொண்ணு கார் ஏறுற எடம். அவ அழுதுக்கிட்டு நிக்கிறா. அவர் கிட்ட வந்து, கத்தாம, மெதுவா, "பாப்பா, அழாமப் போ. ஞாயித்துக்கெழம அப்பா வந்து பாக்குறேன்"ங்கிறார். டேப் அத்தோட சரி.

அந்தப் பொண்ணு தரையில உக்காந்து அவர் முழங்கால்ல மூஞ்சியை வச்சுக்கிட்டா. அவர் என்னைப் பாத்து விரலைச் சுத்திக் காமிச்சார், திருப்பிப் போடச் சொல்லி. பழைய டேப்பைத் தொடாம, புதுசுல பதிஞ்சதைப் போட்டேன். ஒவ்வொரு தடவையும் அந்தக் கார் ஏறுற எடத்துல திரையில இருக்குறவர் கூடவே இவர் வாயும் அசைஞ்சுச்சு. பாட்டு எங்கன்னு அவர் கேக்கவே இல்ல.

நான் கண்ணைத் துடைச்சுக்கிட்டு டேப்புக்குக் காப்பி போட உக்காந்தா, என் வீட்டுக்காரர் பின்னால வந்து நின்னு, "ரசத்து எடத்துக்கு எந்தப் பாட்டு போடலாம்?"னார். பழக்க தோசம். கையில இருந்த துணியை அவர் மூஞ்சியில விட்டெறிஞ்சேன்.

கடையை மூடி எவ்வளவோ வருசம் ஆச்சு. இப்ப நாங்க ரெண்டு பேர்தான் வீட்ல. ஹால்ல உக்காந்துக்கிட்டு "ஏம்மா, தேத்தண்ணி எங்க?"ன்னு இவர் கத்துறப்போ, பொறுமையே இல்லாத நான் கேக்காத மாதிரி அடுப்படியில நின்னுக்குறேன், இன்னொரு தடவ கத்தட்டுமேன்னு.