இறங்கிக்கொண்டே வந்த எண்

கள்ளக்குறிச்சியில் பன்னிரண்டாவது வரை என்னோடு படித்தவள் இப்போது ஊருக்கு வெளியே ஒரு சர்க்கரை ஆலையின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறாள். நான் சென்னையில் ஒளியியல் ஆராய்ச்சி மாணவி. போன அரவைப் பருவத்தில் என் கருவியைக் கரும்புச் சாற்றில் சோதிக்க அவளிடம் போனேன்.

கருவி என்றால், நகத்தளவு கண்ணாடிச் சில்லு ஒன்றும் கேமராவும்தான். சில்லின் மேல் தலைமுடியைவிட நூற்றுக்கணக்கான மடங்கு மெல்லிய தூண்கள் நெருக்கமாக நிற்கும். ஒளி எந்தத் திசையில் அதிர்கிறது என்பதைப் பொறுத்து, அவை அதை நான்கு புள்ளிகளாகப் பிரித்துக் கேமராவில் விழவைக்கும். நான்கின் வெளிச்சத்தையும் ஒப்பிட்டால் திசை தெரிந்துவிடும். சர்க்கரை அந்தத் திசையைத் திருப்பக்கூடியது. எவ்வளவு சர்க்கரையோ அவ்வளவு திருப்பம். ஆலையின் பெரிய கருவியும் இதைத்தான் அளக்கிறது, ஒரு மாதிரிக்கு ஒரு முறை. என்னுடையது நொடிக்குப் பல முறை அளக்கும்.

வடிகட்டிய சாற்றை மெல்லிய குப்பியில் ஊற்றி வைத்தேன். சர்க்கரை அளவாக அது காட்டிய முதல் எண் அவள் கருவியோடு ஒத்துப்போனது. டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் இறங்கியிருந்தது.

“இன்னாடி, கொறஞ்சிக்கினே வருது?” என்றாள்.

விளக்கை மாற்றினேன். சில்லையும் மாற்றினேன். அப்போதும் இறங்கியது. மூன்று வருட வேலை. சில்லு சரியில்லை என்று என் பேராசிரியருக்கு மின்னஞ்சல் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

“வெறும் தண்ணி ஊத்திப் பாத்தியா?” என்று கேட்டாள்.

ஊற்றினேன். எண் அசையவில்லை.

“அப்ப உன்னுது ஒழுங்காத்தான் கீது. சாறுதான் கெட்டுக்கினு இருக்குது. வெட்டி ரெண்டு நாளு வெயில்ல கெடந்த கரும்புடி அது.”

“உன் மெஷின்ல அப்படித் தெரியலையே?”

“நாங்க சாறு தெளிய பொடி போட்டுட்டுதான வெக்கிறோம். அதுல புளிக்கிறது நின்னுடும். அதுவுமில்லாம, ஒரு தபா பாத்துட்டுக் கீழ ஊத்திடுவோம்.”

அவளே சாற்றை இரண்டாகப் பிரித்து ஒன்றில் பொடி போட்டாள். சாயங்காலம் வரை இரண்டையும் மாற்றி மாற்றி அளந்தோம். பொடி போட்டது மாறவே இல்லை. போடாததிலிருந்து அவ்வப்போது கொஞ்சம் எடுத்துத் தெளியவைத்து அவள் கருவியிலும் பார்த்தாள். அதிலும் எண் இறங்கியது.

பாதி எழுதிய மின்னஞ்சலை அழித்தேன். ஆய்வுக் கட்டுரையில் அவள் பெயரையும் சேர்க்கப்போவதாகச் சொன்னேன். அவள் குப்பிகளைக் கழுவ ஆரம்பித்தாள்.

“எங்கப்பா இனிஷியலே போடு. வூட்டுக்காரரோடது வேணாம்.”

அப்படியே போட்டு அனுப்பியிருக்கிறேன். கட்டுரை பரிசீலனையில் இருக்கிறது.