குளிர் காணாத முட்டைகள்

வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், கனகேஸ்வரி தன் வீட்டு மொட்டைமாடியில் ஏஞ்சல் மீன் வளர்க்கிறாள். கீழ்வீட்டார் வீடு மாறியபோது விட்டுச்சென்ற ஒரு கண்ணாடித் தொட்டியில் தொடங்கியது. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. செத்த மீன்களைப் பார்த்துப் பார்த்து, ஏன் செத்தன என்று யோசித்தே கற்றுக்கொண்டாள்.

மீன் வளர்ப்பில் அவளுடைய வேலை பொறுக்கியெடுப்பதுதான். ஒவ்வொரு ஈற்றிலும் கறுப்பு மங்காததை, நீந்துகிற செட்டை கோணாததைப் பிடித்துத் தனியே விடுவாள். மற்றவை கடைக்குப் போகும். பல வருடம் அப்படிச் செய்து, உடம்பு முழுக்கக் கரியாய், செட்டை வாலையும் தாண்டித் தொங்கும் ஒரு வம்சம் அவளிடம் வந்து சேர்ந்திருந்தது. அந்த வம்சத்தில் இப்போது முட்டையிடுவது ஒரே ஒரு சோடி. பெண்மீனுக்கு வயதாகிவிட்டது. இன்னும் ஓரிரு தரம் முட்டையிட்டால் பெரிய விஷயம்.

இந்தக் குஞ்சுகள் நீந்தத் தொடங்கியதும் தின்பது உயிரோடு அசைகிற இரையை மட்டுந்தான். தூள் தீனி போட்டால் அதைத் திரும்பியும் பாராமல் பட்டினியில் செத்துப்போகும். அதனால் ஏஞ்சல் வளர்ப்பவர்கள் எல்லோரும் ஆர்ட்டீமியா டின் வாங்குகிறார்கள். எங்கோ சைபீரியாவில், உப்பு ஏரிக் கரைகளில் ஒதுங்கும் மிகச் சிறிய இறாலின் முட்டைகள் அவை. காய்ந்த மண்ணிறத் தூளாக வரும். உப்புத் தண்ணீரில் காற்றடித்து வைத்தால் அடுத்த நாளே செம்மஞ்சள் புள்ளிகளாகப் பொரித்துத் துள்ளும்.

இந்த வருடம் அவை பொரிக்கவில்லை. சோடி முட்டையிட்டு, குஞ்சுகள் நீந்தியபோது, போத்தலில் மண்ணிறத் தூள் தூளாகவே சுழன்றுகொண்டிருந்தது. குஞ்சுகள் எல்லாம் செத்தன. கனகேஸ்வரி முதலில் தன்மேல்தான் சந்தேகப்பட்டாள். உப்பை மாற்றினாள். பம்பை மாற்றினாள். வெளிச்சத்தைக் கிட்ட வைத்தாள். ஒன்றை மாற்றும்போது மற்றதைத் தொடவில்லை. ஒன்றிலும் பிழை இல்லை என்று தெரிந்த பிறகுதான் டின்னைத் தூக்கிக்கொண்டு கொட்டாஞ்சேனைக்கு, அதை விற்ற பலீலின் வளர்ப்புமீன் கடைக்குப் போனாள்.

பலீல் டின்னைக் கண்டதுமே இன்னொரு கதிரையை இழுத்துப் போட்டான். அவளுக்கு முன்பே பலர் வந்து ஏசிவிட்டுப் போயிருந்தார்கள். இரத்மலானையில் வெளிநாட்டிலிருந்து சாமான் இறக்குகிறவரிடம் அவன் விசாரித்து வைத்திருந்ததைச் சொன்னான். அந்த ஏரியில் முன்பு பனிக்கட்டி உருகும் நேரமும், பாசி பூக்கும் நேரமும், இறால் பொரிக்கும் நேரமும் ஒன்றையொன்று ஒட்டியே வருமாம். தெற்கிலிருந்து பறவைகளும் அந்தக் கணக்குக்கே வந்து இறங்குமாம். இப்போது பனி வெள்ளனவே, காலத்துக்கு முந்தியே உருகிவிடுகிறது. இறால் வளர முதலே பாசி பூத்து அடங்கிவிடுகிறது. இறாலுக்குத் தீனி குறைவு, முட்டையும் குறைவு. பறவைகளோ பழைய நாளுக்கே வந்து வெறும் தண்ணீரில் அலகை விடுகின்றன. இருக்கிற கொஞ்ச முட்டைக்கு ஆட்கள் போட்டிபோட்டு அடிபடுவதால், உறைபனி வரும்வரை காத்திராமல் வழித்தெடுத்துக் காயவைத்து அனுப்புகிறார்கள்.

“அதுக்கும் பொரிக்காததுக்கும் என்ன, பலீல் நானா?”

“குளிரு பட்டாத்தான் அதுகளுக்குப் பனிக்காலம் முடிஞ்சது விளங்கும் அக்கா. இதுகள் குளிரே காணல்ல. இன்னும் பனிக்காலம் வரும் வரும்னு பாத்துக்கொண்டு ஈக்கிது.”

அதற்கு வழியும் சொன்னான். கெட்டியான உப்புக் கரைசலில் முட்டையைக் கலந்து, ஃபிரீசருக்குள் ஒன்றரை மாதம் விட வேண்டும். அவசரப்பட்டு எடுத்தால் பாதிகூடப் பொரியாது.

கனகேஸ்வரியின் கணவர் தில்லைநாதன் பிறந்ததிலிருந்தே சைவம்; மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் தொட்டதில்லை. அந்த வீட்டு ஃபிரிஜ்ஜுக்குச் சாமியறைக்கு உள்ள மரியாதை உண்டு. மீன் மாடியோடு நிற்க வேண்டும் என்பது பழைய உடன்படிக்கை. அவள் முட்டைக் கரைசல் போத்தலைக் காட்டி விஷயத்தைச் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றாமலே கேட்டார்.

“உதுக்கு உயிர் இருக்கோ இல்லையோ?”

“இருக்கு. நித்திரை கொள்ளுது.”

“அப்ப அது நித்திரை கொள்ளுற மச்சம். வேறை எங்கையும் வையும்.”

போத்தல் கொட்டாஞ்சேனைக்கு, பலீலின் வீட்டுக்கே போனது. பலீலின் மனைவி றஸ்மியா தன் ஃபிரீசரின் அடித்தட்டில் இடம் ஒதுக்கினாள். “மாட்டிறைச்சிக்குப் பக்கத்திலதான் இடம் ஈக்கி அக்கா. ஒங்கட ஐயாவுக்குச் சொல்லிடாதீங்க” என்று சிரித்தாள். சொல்லத் தேவையில்லை என்றாள் கனகேஸ்வரி.

மீன் ஒன்றரை மாதம் காத்திருக்கவில்லை. மூன்று கிழமை போவதற்குள் பெண்மீன் முட்டையிட வைத்திருந்த கற்பலகையைத் துப்புரவாக்கி மறுபடி முட்டையிட்டது. வால் வெளிறி, செதில் உயர்ந்து, அது சாய்ந்து நின்ற விதத்தைப் பார்த்த கனகேஸ்வரிக்கு இதுதான் கடைசி ஈற்று என்று பட்டது. அவள் போய்ப் பாதிக் கரைசலை வாங்கிக்கொண்டு வந்தாள். மீதியைத் தொட வேண்டாம் என்று பலீல் சொன்னதை ஏற்றுக்கொண்டாள்.

பாதியில் பொரித்தது கொஞ்சம். போத்தலை வெளிச்சத்தில் பிடித்தால் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் செம்மஞ்சள் துள்ளியது. தொட்டியிலோ நூற்றுக்கணக்கான குஞ்சுகள் நீந்தத் தொடங்கியிருந்தன. எல்லாவற்றுக்கும் பங்கிட்டால் எல்லாமே சாகும். சிலவற்றுக்குக் கொடுத்தால் சில நிற்கும். எவற்றுக்கு என்பதுதான் சிக்கல். இந்த வயதில் குஞ்சு ஒரு கண்ணும் ஒரு நூலும் மட்டுமே. கறுப்பு எது, செட்டை நீளம் எது என்று தெரிய வாரக்கணக்காகும். இத்தனை வருடமாகப் பார்த்துப் பார்த்துப் பொறுக்கியவளுக்குப் பார்க்க ஒன்றுமில்லை.

அவள் ஒரு தேநீர்க் கோப்பையை எடுத்து, முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டு, தொட்டிக்குள் அமிழ்த்தி ஒரு தரம் அள்ளினாள். கோப்பையில் வந்தவற்றைச் சிறு தொட்டியில் விட்டாள். மற்றவற்றைக் கப்பி என்ற சின்ன மீன்கள் நின்ற தொட்டியில் ஊற்றினாள். கப்பிகள் அவற்றைத் தின்றன.

அடுத்த நாள் காலை சிறு தொட்டியில் வயிறுகள் செம்மஞ்சளாகத் தெரிந்தன. மீதிக் கரைசல் தன் காலம் முடிந்து வந்து அமோகமாகப் பொரித்தபோது, குஞ்சுகள் காசளவு ஆகியிருந்தன. கிழட்டு மீன் அதற்குப் பிறகு முட்டையிடவில்லை. வளர்ந்தவற்றில் இரண்டு நல்ல கறுப்பு. மற்றவை சாம்பல். ஒன்றுக்குச் செட்டை கோணல்.

கோணல் செட்டைக்காரனைக் கடைக்கு எடுத்துக்கொள்ளவா என்று பலீல் கேட்டான். கனகேஸ்வரி கொடுக்கவில்லை. அதையும் கறுப்புகளோடேயே விட்டிருக்கிறாள்.